காத்திருந்து வந்த பாட்டு

1969-ஆம் வருஷம் ஆடி பிறந்த அதே வாரத்தில்தான் நிலவில் மனிதன் கால் வைத்தான். ரேடியோ செய்தி வழியாக அந்த அதிசயம் அம்பத்தூர் வெங்கடாபுரத்துக்கு வந்து சேர்ந்த நேரத்தில், எங்கள் தெரு அம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் 'ஆயிரம் நிலவே வா' என்று ஊருக்கே கேட்கும்படி பாடிக்கொண்டிருந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நிலவில் போய் இறங்கியவர்களையும் ஆயிரம் நிலவைக் கூப்பிடுகிறவரையும் ஒரே நாளில் கேட்ட பையனுக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் தெரிந்தன. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அமெரிக்காக்காரன் அங்கே போயிருக்கிறான் என்று நானும் என் சேக்காளிகளும் உறுதியாக நம்பினோம்.

மைக் செட் அண்ணன் கோயில் திண்ணையில் ஒரு மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விடியற்காலையில் பிள்ளையார் பாட்டு, பிறகு முருகன், அம்மன், பத்து மணிக்கு மேல்தான் சினிமா என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை ஊர்ப் பெரியவர்களாலும் மாற்ற முடியாது. நாங்கள் அவர் பக்கத்தில் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இசைத்தட்டைத் துடைக்கிற வெல்வெட் துணியை நம்மிடம் தரமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருப்போம். விளக்கு வைக்கிற நேரத்தில் மின்சாரம் மங்கும். அப்போது பாட்டும் இழுக்கும், குரல் கனத்து, பாடுகிறவருக்கு ஒரே நிமிஷத்தில் இருபது வயது கூடிவிடும். பிறகு மின்சாரம் சீராகும், அவரும் பழையபடி இளைஞராகிவிடுவார். இன்றைக்கு எந்தக் கருவியில் கேட்டாலும் பாட்டு அசையாமல் நிற்கிறது, நல்லதுதான். ஆனாலும் சில சமயம், சாயங்காலம் ஆறரை மணிக்கு, அது கொஞ்சம் இழுக்காதா என்று இருக்கிறது.

யார் குரல் இது என்பதுதான் அந்த ஆடி முழுக்கத் தெருவில் நடந்த விவாதம். பாடியில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்த என் அப்பாவுக்கு எம்.ஜி.ஆர். என்றால் டி.எம்.சௌந்தரராஜன்தான், அதே 'அடிமைப்பெண்' படத்தில் 'தாயில்லாமல் நானில்லை' பாட்டைக் கேட்டால் சாப்பிடுகிற கையை நிறுத்திவிடுவார். இந்தப் புதுக் குரலைக் கேட்டு, "நல்லாத்தான் பாடுறான், ஆனா சின்னப் பையன் மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்னது சரிதான். பாடியவர் சின்னப் பையன்தான்.

ஹரிகதை சொல்லும் சாம்பமூர்த்தியின் மகன் பாலசுப்ரமணியம் 1946-இல் பிறந்தவர். சென்னைக்கு அவர் வந்தது ஏ.எம்.ஐ.இ. என்கிற பொறியியல் படிப்புக்காக. இந்த மூன்றெழுத்து நான்கெழுத்துப் படிப்புகளெல்லாம் அம்பத்தூர், பாடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பகலில் ஷாப் ஃப்ளோரில் நின்றுவிட்டு, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கிலும் தெருவிளக்கிலும் ஏ.எம்.ஐ.இ. புத்தகத்தைப் புரட்டாத டிப்ளமோக்காரர் அந்தக் காலத்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் குறைவு. எஸ்.பி.பி.யும் நம் வகையறாதான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு தனி உரிமையோடு பேசுவதற்கு இதுவே போதுமானதாக இருந்தது. தெலுங்கில் அவருக்கு வழி திறந்துவிட்டவர் எஸ்.பி.கோதண்டபாணி, பின்னாளில் தன்னுடைய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அந்தக் குருவின் பெயரையே வைத்தார். தமிழில் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. எம்.எஸ்.விஸ்வநாதன் குரலைப் பாராட்டிவிட்டு, தமிழ் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார். அவர் அதைச் செய்துவிட்டுத் திரும்பி வந்து எல்.ஆர்.ஈஸ்வரியோடு பாடிய பாட்டோ, 'ஹோட்டல் ரம்பா' என்கிற படத்துக்காக. அந்தப் படம் வெளியாகவே இல்லை.

இப்படி ஒரு காத்திருப்பில் இருந்தவருக்குத்தான் எம்.ஜி.ஆர். படத்தில் பாடக் கூப்பிட்டார்கள். இசை கே.வி.மகாதேவன். 'கந்தன் கருணை'க்காக இசையமைப்புக்கான முதல் தேசிய விருதை வாங்கியவர். கூடப் பாடப் போகிறவர் பி.சுசீலா; 'உயர்ந்த மனித'னுக்காகப் பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது அவருக்கு. பாட்டு எழுதியவர் தமிழாசிரியராக இருந்த புலமைப்பித்தன். கே.வி.எம்.முக்கு எழுதிய வரி கையில் வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் மெட்டு. மெட்டைக் கொடுத்து வார்த்தையை அதற்குள் நுழைப்பது அவர் வழக்கமில்லை. அந்தப் பாட்டில் எந்தச் சொல்லும் மூச்சுத் திணறாமல் நடப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இப்படி எல்லாம் கூடி வந்து, ஒத்திகையும் ஆரம்பித்து, எம்.ஜி.ஆருக்குப் பாடப் போகிறேன் என்று அந்த இளைஞர் கல்லூரி சிநேகிதர்களிடமெல்லாம் சொல்லி முடித்த நேரத்தில் அவரை டைபாய்டு படுக்கையில் தள்ளியது.

இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாட்டு பதிவாகாமல் பாட்டுக் காட்சியை எடுக்க முடியாது. ஒலிப்பதிவு முடிந்து, அதைப் படப்பிடிப்பு நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோய், ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதற்கு வாயசைத்துத்தான் நடிகர்கள் நடிப்பார்கள். 'அடிமைப்பெண்' எம்.ஜி.ஆரின் சொந்தத் தயாரிப்பு, கே.சங்கர் இயக்கம்; ஜெய்ப்பூருக்குப் போய் எடுக்கிற ஏற்பாடு. அத்தனை நடிகர், அத்தனை தேதி, அத்தனை சாமான். டி.எம்.எஸ். ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எம்.ஜி.ஆர். காத்திருந்தார். உடம்பு தேறி, பாட்டு இந்நேரம் வேறு யாரிடமோ போயிருக்கும் என்ற எண்ணத்தோடு இருந்தவரைக் கூப்பிட்டனுப்பிப் பாடச் சொன்னார்கள். ஏன் இவ்வளவு நாள் நிறுத்தி வைத்தீர்கள் என்று கேட்டபோது எம்.ஜி.ஆர். சொன்ன காரணத்தை எஸ்.பி.பி. வாழ்நாள் முழுக்க மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: நீ உன் சிநேகிதர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாய், நான் வேறு ஆளை வைத்துப் பாடவிட்டால் உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள், அது உன் எதிர்காலத்தைக் கெடுக்கும் என்பதாக. ஆயிரம் தடவை கேட்ட கதைதான். இருந்தும் இதைச் சொல்ல வரும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுப்பதும் கேட்கிற நமக்குத் தொண்டை அடைப்பதும் நிற்கவில்லை. ஒரு பெரிய நடிகர், ஒரு மாணவனுடைய சிநேகிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனைக்குத்தான் நான் இன்றும் கை கூப்புகிறேன்.

பூந்தமல்லியிலிருந்து கிண்டிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் எம்.ஜி.ஆர். வீடான ராமாவரம் தோட்டம் வந்ததும் ஜன்னல் பக்கம் சாய்வது அந்த நாட்களில் ஒரு வழக்கம். அம்மாவோடு போகும்போது நானும் சாய்ந்து பார்த்திருக்கிறேன். எம்.ஜி.ஆர். தெரிய மாட்டார் என்பது பஸ்ஸில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒலிப்பதிவு என்பது அப்போது ஒரு கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடிச் செய்கிற காரியம். வயலின்காரர்கள், தபலாக்காரர், பாடுகிற இரண்டு பேர், எல்லோரும் ஒரே மூச்சில் ஆரம்பித்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கடைசி அடியில் ஒரு வில் பிசகினாலும் முதலிலிருந்து மறுபடி. புதியவர் ஒருவர் அப்படி நடுவில் நின்று, பக்கத்தில் சுசீலா போன்ற ஒருவர் நிற்க, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகிற ஒரு டூயட்டைப் பாடியிருக்கிறார். அந்த முதல் இழுப்பில் நோயிலிருந்து எழுந்து வந்தவனுடைய மெல்லிய களைப்பு ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றும். சுசீலாவின் குரல் அவரை எங்கும் முந்தவில்லை, பின்தங்கவும் விடவில்லை. கூடவே நடந்து வருகிறது. கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து 'மின்சார கனவு' படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் பாடி, தமிழ்ப் பாட்டுக்காக எஸ்.பி.பி. தேசிய விருது வாங்கிய காலத்தில், வாத்தியம் ஒரு நாள், குரல் ஒரு நாள் என்று தனித்தனியாகப் பதிந்து சேர்க்கிற முறை வந்துவிட்டது. அதுவும் அருமையான பாட்டுதான். அந்த முறையில் பாடகருக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் காத்திருக்கத் தேவையில்லை, வாத்தியங்களை முடித்து வைத்துவிடலாம்.

படம் 1969 மே முதல் தேதி வந்தது, அண்ணா மறைந்து மூன்று மாதம் ஆகியிருக்க. எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு அது வந்து சேர்வதற்குள் தட்டு தேய்ந்து, தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பாட்டு மனப்பாடமாகிவிட்டது. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்த பாட்டு திரையில் வந்தபோது கொட்டகை முழுக்கச் சேர்ந்து பாடியதில் எஸ்.பி.பி. குரல் எனக்குக் காதில் விழவே இல்லை. ஜெயலலிதாவின் உடையும் எம்.ஜி.ஆரின் சிரிப்பும்தான் ஞாபகம். அதே படத்தில் ஜெயலலிதா தன் சொந்தக் குரலில் பாடிய 'அம்மா என்றால் அன்பு' வந்தபோது, பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த முணுமுணுப்பும் ஞாபகம்.

ரேடியோவை எங்கள் வீட்டில் நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போதுதான் வாங்கினோம். வால்வு ரேடியோ. தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வர வேண்டும். அந்தப் புத்தகத்தை அப்பா ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். குமிழைத் திருகியதும் பாடாது. உள்ளே சூடேற வேண்டும், பச்சைக் கண் மெல்ல மெல்ல விரிய வேண்டும், அதற்குப் பிறகு எங்கோ தூரத்திலிருந்து வருவது போல ஒரு குரல் வீட்டுக்குள் நுழையும். அந்த அரை நிமிஷத்துக்குள் அம்மா அடுப்பை இறக்கிவிட்டு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். இலங்கை வானொலி காற்றடிக்கிற திசைக்கு ஏற்றபடி வரும், போகும். விவித பாரதி நன்றாகவே வரும்.

விவித பாரதியின் நேயர் விருப்பத்துக்குக் கார்டு போட்ட தலைமுறை நாங்கள். பாட்டின் பெயரை எழுதி, விரும்பிக் கேட்கிறவர்கள் என்று ஒரு பட்டியலை எழுதுவோம்; அதில் எத்தனை பெயரை நெருக்கி எழுத முடியும் என்பதில் ஒரு திறமை வேண்டும். நான் எஸ்டேட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த புதிதில், பட்டாபிராமிலிருந்து அதே மின்சார ரயிலில் வேலைக்குப் போகிற ஒரு பெண் இருந்தாள். நான் அம்பத்தூரில் ஏறி, வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் இறங்க வேண்டியவன், அதைத் தாண்டி வில்லிவாக்கம் வரைக்கும் போய்விட்டு அடுத்த ரயிலில் திரும்பிய நாட்கள் உண்டு. பேசியதில்லை. அவள் பெயரை அவள் தோழி கூப்பிட்டதில் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் கார்டில் 'ஆயிரம் நிலவே வா' என்று எழுதி, அம்பத்தூர் என்று போட்டு என் பெயரை எழுதி, சந்தேகம் வராமலிருக்க நடுவில் நான்கு சிநேகிதர்களை உட்கார வைத்து, கடைசியில் பட்டாபிராம் என்று போட்டு அவள் பெயரை எழுதினேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு நேயர் விருப்பத்துக்கும் டீக்கடைக்குப் போய் நின்றுவிடுவேன், வீட்டில் கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று. வாரங்கள் போயின. ஒரு மாலை, நான் நம்பிக்கையை விட்டுவிட்ட பிறகு, அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாக அந்த ஆறு பெயரையும் வாசித்தார். என் பெயருக்கும் அவள் பெயருக்கும் நடுவில் நான் வைத்த நான்கு பேரையும் அவர் அவ்வளவு அன்பாக வாசித்தது எனக்குத் தாங்கவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் டீக்கடைக்காரர் ஒலியைக் கூட்டினார். இப்படி ஒரு கார்டு போட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள், நடுவில் எத்தனை பேரை வைத்தீர்கள் என்பதுதான் வித்தியாசம். அவள் அன்றைக்குப் பட்டாபிராமில் ரேடியோ பக்கத்தில் இருந்தாள் என்பதும், பெயரைக் கேட்டதும் சாதம் வடித்துக்கொண்டிருந்த கையைச் சுட்டுக்கொண்டாள் என்பதும், பூந்தமல்லியில் ஒரு சத்திரத்தில் எங்கள் கல்யாணம் நடந்து முடிந்த பிறகு அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பேத்தியிடம் அதைக் காட்டி, "உங்க தாத்தா போட்ட கார்டு" என்பாள்.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் இப்போதும் கொண்டாட்டம்தான், ஆனால் அப்போது அது ஊர்த் திருவிழா. லேத்துகளைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து, தரையை டீசல் போட்டுக் கழுவி, பொரி, கடலை, சாத்துக்குடி நிரப்பிய காகிதப் பைகளைக் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். லாரியின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டால் அதுவே மேடை. ஒரு வருஷம் லைட் மியூசிக் குழுவோடு இந்தப் பாட்டை நான் பாடினேன். அதற்காகப் பொழுது சாய்ந்ததும் அம்பத்தூர் ஏரிக்கரையில் போய் நின்று, யாரும் இல்லாத தண்ணீரைப் பார்த்துப் பாடிப் பாடிப் பழகினேன். அந்த மேல் ஸ்தாயியில் நிற்க என் குரல் எவ்வளவோ மன்றாடியது. மேடையில் அது நின்றது. கீழே ஃபிட்டர்களும் வெல்டர்களும் குடும்பத்தோடு உட்கார்ந்து 'ஒன்ஸ் மோர்' என்று கேட்டபோது, அந்த இளைஞனுடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால், அவன் மேல் எனக்கு ஒரு பாசமே வருகிறது. ஏரிக்கரை இப்போது வீடுகளால் நெருங்கிவிட்டது. அங்கே நின்று சத்தமாகப் பாடினால் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள்.

பாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் ஆசை மூர் மார்க்கெட்டில் நிறைவேறியது. ஆவடி ஹெவி வெஹிகிள்ஸ் ஃபேக்டரியில் டாங்க் வேலையில் சேர்ந்திருந்த என் சிநேகிதனும் நானும் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரல் வரைக்கும் போய், பக்கத்திலேயே இருந்த அந்தச் சிவப்புக் கட்டிடத்துக்குள் நுழைந்துவிடுவோம். பழைய புத்தகம், பழைய கடிகாரம், கிளி, முயல், இவற்றுக்கு நடுவில் பழைய இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகி நாடெல்லாம் சுற்றி, யார் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பாடி, அங்கே வந்து சேர்ந்த தட்டுகள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்ததில் ஒரு நாள் 45 சுற்றுச் சின்னத் தட்டு ஒன்று, 'அடிமைப்பெண்' உறையோடு கிடைத்தது. எங்கள் இரண்டு பேர் காசையும் சேர்த்து வாங்கினோம். அதனால் தட்டு அவனிடம், பிளேயர் என்னிடம் என்று ஓர் ஏற்பாடு. இரண்டு பேரும் சேராமல் அந்தப் பாட்டைக் கேட்க வழியில்லை. 1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் எழுந்த ரயில் நிலையக் கட்டிடத்தில்தான் ஆவடி, அம்பத்தூர் மின்சார ரயில்கள் இன்று போய் நிற்கின்றன, நிலையத்தின் பெயரும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்தான். தினமும் ஆயிரக்கணக்கில் இறங்கி ஓடுகிற நம் பிள்ளைகளுக்கு, நாங்கள் முயல் கூண்டுகளுக்கு நடுவில் நின்று பாட்டுத் தேடியது அந்தத் தரையில்தான் என்று சொல்ல ஒரு பலகையாவது இருக்கலாம்.

பிறகு கேசட் வந்தது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. வெற்றுக் கேசட்டோடு, முழு வெள்ளைத் தாளில் வரிசை எண் போட்ட பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார். பட்டியல் எழுதுவது ஓர் இரவு வேலை. எதை முதலில் வைப்பது, எதற்குப் பின் எது வந்தால் மனசு கோணாது என்று வீட்டில் ஒரு மாநாடே நடக்கும். பக்கம் முடிகிற இடத்தில் ஒன்றிரண்டு நிமிஷம் மிஞ்சினால் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஏதாவது பாட்டைப் போட்டுவிடுவார், அது பாதியில் நின்றுபோகும். 'ஆயிரம் நிலவே வா' எங்கே கேட்டாலும், அது முடிந்ததும் அந்தக் கேசட்டில் அடுத்து வந்த பாட்டின் முதல் வாத்தியத்தை என் காது இன்னும் எதிர்பார்க்கிறது. உங்களுக்கும் இப்படி ஒரு ஜோடிப் பாட்டு இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இப்போது என் பேத்தி ஃபோனைப் பார்த்துப் பாட்டின் பெயரைச் சொன்னால் போதும், அது பாடுகிறது. பச்சைக் கண் விரிய வேண்டாம், கார்டு போட வேண்டாம். இருபது விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறாள் என்பது எனக்கு ஆரம்பத்தில் வருத்தமாக இருந்தது. ஒரு நாள் அவளே தன் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டு, "தாத்தா, பாடும்போது அடியில வயலின் எல்லாம் சேர்ந்து தனியா என்னமோ பேசிக்கிட்டே போகுதே, அதைக் கேளுங்க" என்றாள். அரை நூற்றாண்டாகக் குழாயிலும் டீக்கடை ரேடியோவிலும் தேய்ந்த கேசட்டிலும் கேட்ட பாட்டில், அப்படி ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கே.வி.எம். அன்றைக்கே அதை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவருடைய உதவியாளர் புகழேந்தியும் அந்த வாத்தியக்காரர்களும் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள், அது என் காதுக்கு வந்து சேர இத்தனை வருஷமும் ஒரு பெண் குழந்தையும் வேண்டியிருந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ஃபோனை வாழ்த்தினேன்.

2020 ஆகஸ்டில் எஸ்.பி.பி. கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, 20-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு எல்லோரும் அவரவர் இடத்திலிருந்து அவர் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திக்க வேண்டும் என்று திரையுலகத்தினர் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் தெருவில் மாடிக்கு மாடி ஃபோனை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு பாட்டு, ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு. நான் எதை வைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. வாரக்கணக்கில் ஒருவர் அவருக்காகக் காத்திருந்து கிடைத்த பாட்டு அது, நாமும் காத்திருக்கிறோம், எழுந்து வந்துவிடுங்கள் என்று அதற்குள் ஒரு வேண்டுதல் இருந்தது. செப்டம்பர் 25 அன்று போய்விட்டார். மறுநாள் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் காவல்துறை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஆவடிக்கு வடமேற்கே, பைக்கில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில். நோய்க்காலம் என்பதால் அன்று போக முடியவில்லை, டி.வி.யில்தான் பார்த்தோம். கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு நானும் சிநேகிதனும் போனோம். வயல்களுக்கு நடுவில் அந்த ரோட்டில் போகும்போது, ஏ.எம்.ஐ.இ. படிக்க வந்தவர் கடைசியில் நம் பக்கத்திலேயே வந்து தங்கிவிட்டார் என்றான் அவன். எஸ்டேட் பையன்கள் பேசிய அதே பழைய உரிமை.

திரும்பி வந்த அன்றுதான் தட்டைப் போட்டுக் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. பிளேயர் ஓடியது, ஊசி தேய்ந்து உதவாமல் போயிருந்தது. ரிச்சி தெருவில் கடை கடையாகக் கேட்டோம். பழைய ஆட்கள் பிளேயரின் பெயரைக் கேட்டதும் சிரித்து, இருக்கச் சொல்லி, மேல் தட்டிலிருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கித் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதன் பிறகு சில வருஷம் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். போன மாதம் பேத்தி பிளேயரின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் படம் எடுத்து, ஃபோனில் என்னவோ தட்டினாள். மூன்றாம் நாள் ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்து, தீப்பெட்டி அளவு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனான். நாங்கள் தெருத்தெருவாகத் தேடிய ஊசி.

சிநேகிதன் இப்போது பருத்திப்பட்டில் இருக்கிறான். ஃபோன் போட்டுச் சொன்னேன். தட்டைப் பேரனிடம் கொடுத்தனுப்பு, மாட்டிப் பார்த்துவிடலாம் என்றேன்.

"அதெல்லாம் யார் கையிலயும் குடுத்தனுப்ப முடியாது. ஞாயித்துக்கிழமை நானே எடுத்துட்டு வரேன். ஏன்டா, அதுக்குள்ள புது ஊசியில வேற எந்தத் தட்டையும் போட்டுப் பாத்துடாதே."

இன்னும் நான்கு நாள் இருக்கிறது. வீட்டுக்காரி ஊசி டப்பாவை என் கைக்கு எட்டாதபடி அலமாரியின் மேல் தட்டில் எடுத்து வைத்துவிட்டாள்.